உரைகல்லும் நாற்காலியும்

அஞ்சுகிராமத்தில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில், பத்து மணிக்கு எங்களோடு வந்து, எங்கள் டீயையே குடித்து, எங்களோடு பஸ் ஏறுகிறவர் ஒருவர் உண்டு. வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. நகை மதிப்பீட்டாளர். உரைகல்லும் தராசும் அவருடையவை, நாற்காலி வங்கியுடையது. கடன் ஒன்றுக்கு இவ்வளவு என்று கமிஷன். யாரும் நகை கொண்டுவராத நாளில் ஒன்றுமில்லை. நகை போலி என்று பின்னால் தெரிந்தால் நஷ்டம் அவர் தலையில். எங்கள் காகிதங்களில் அவர் 'சுயதொழில் செய்பவர்'. இந்தச் சொல்லைக் கடன் விண்ணப்பங்களில் தினமும் எழுதுகிறவன் நான். இதில் 'சுய' எங்கே இருக்கிறது என்ற சந்தேகம்தான் என்னைப் பழைய தீர்ப்புகள் பக்கம் தள்ளியது.

கிராமத்துத் தச்சனும் கொல்லனும் ஊருக்கே வேலை செய்து, அறுவடையில் களத்து நெல்லைப் பங்காகப் பெற்றவர்கள். சாதிக் கட்டுக்குள் நடந்த அந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக்கும் உத்தேசம் எனக்கில்லை. ஆனால் ஒரு வீடு கதவடைத்தால் இன்னொரு வீடு இருந்தது. சோழமண்டலக் கரை நெசவாளனுக்கும், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வியாபாரிக்கு நெய்யும் வழி இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரத்தால் அந்த வழியை அடைத்தது. தறி அவனுடையதாகவே இருந்தது. துணி மட்டும் கம்பெனிக்கு. அடிமைத்தனத்துக்குத் தறியைப் பறிக்கவேண்டிய அவசியமில்லை என்பதைக் கம்பெனி கண்டுகொண்டது.

சேலத்துப் பீடி முதலாளிகள் இன்னும் நாசூக்கானவர்கள். இலையையும் புகையிலையையும் இடைத்தரகருக்கு 'விற்று', பீடியை அவரிடமிருந்து 'வாங்கினார்கள்'. வியாபாரிக்கும் வியாபாரிக்கும் நடக்கும் கொடுக்கல் வாங்கலில் தொழிலாளி எங்கிருந்து வருவான்? 1964இல் உச்ச நீதிமன்றம் இந்த நாடகத்தை ஏற்கவில்லை. தரகர் சுதந்திர ஒப்பந்தக்காரர் அல்ல, முதலாளியின் ஏஜெண்டுதான். பீடி சுற்றுகிறவர்கள் முதலாளியின் தொழிலாளர்களே என்றது.

வங்கிக்கு வருகிறேன். உடுப்பியில் 1925இல் தொடங்கி, பின்னால் சிண்டிகேட் வங்கியாகி, 2020இல் கனரா வங்கியில் கரைந்துபோன ஸ்தாபனம், 1928இல் பிக்மி டெபாசிட்டைக் கொண்டுவந்தது. ஏஜெண்ட் கடைகடையாகப் போய் நாளைக்கு இரண்டணா கூட வாங்கி வருவார். சிறுசேமிப்பின் வெற்றிக்கதையாக இது நிறையவே எழுதப்பட்டுவிட்டது. வெயிலில் நடந்தவரின் கணக்கு நீதிமன்றத்துக்கு வர அறுபது வருஷமாயிற்று. 1988இல் ஹைதராபாத் தொழில் தீர்ப்பாயம் வசூல்காரர்களைத் தொழிலாளர்கள் என்றது. மாதம் 7,500 ரூபாய் வசூலோடு இணைத்து 750 ரூபாய் அடிப்படைத் தொகை, மேலும் பணிக்கொடை. வங்கிகள் உச்ச நீதிமன்றம்வரை போயின. கமிஷன் என்பது உழைப்பின் பலனோடு பிணைத்த கூலிதான் என்று 2001இல் அங்கே முடிந்தது.

நகை மதிப்பீட்டாளருக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஒரிஸ்ஸாவில் புரி நகரக் கூட்டுறவு வங்கி வழக்கில், 1992இல் அதே நீதிமன்றம் அவர் தொழிலாளி அல்ல என்றது. வேலையை எப்படிச் செய்வது என்று வங்கி அவருக்குக் கட்டளையிடுவதில்லை என்பது காரணம். எப்படிக் கட்டளையிடும்? கல்லில் விழும் மஞ்சள் கோட்டைப் படிக்க மானேஜருக்குத் தெரியாதே. வசூல்காரர் வங்கி சொன்னபடி நடந்தார், தொழிலாளியானார். இவர் யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத வித்தையோடு வந்தார், வெளியே நிறுத்தப்பட்டார். சட்டம் கேட்ட கேள்வி, வேலையை ஆள்வது யார் என்பது. சோற்றை ஆள்வது யார் என்று கேட்டிருந்தால் பதில் மாறியிருக்கும்.

கைவினைஞனின் சுயாதீனத்தைப் பற்றி இந்த மாதிரிப் பத்திரிகைகளில் நாமும் கொஞ்சம் அதிகமாகவே உருகியிருக்கிறோம். ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) அம்பாசமுத்திரத்து நெசவாளரை எழுதியது. அதன் கோஷங்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தறி சொந்தமாயிருந்தும் பட்டினி கிடக்க முடியும் என்பதை அந்த நாவல் அறிந்திருந்தது. அதைப் பிரச்சாரம் என்று ஒதுக்கிய நாங்கள் அறிந்திருக்கவில்லை.

புரி வழக்கை ஒரு மத்தியானம் அவருக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"கல்லு எனக்கதுல்லா சார், அதான்" என்றார். அதற்குள் கவுண்டரில் ஒரு அம்மாள் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அது முதல் நகை.