கோடை விடுமுறைக்கு வங்காலை: வருமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒவ்வொரு வருடமும் தை பிறந்ததும் பிரான்சிலிருந்து என் தங்கையிடமிருந்து அதே கேள்வி வரும். "அண்ணா, இந்தமுறை பிள்ளைகளோட ஊருக்கு வாறதோ, இல்லாட்டி ஸ்பெயின் கடற்கரைக்குப் போறதோ?" அவளைப்போல் யோசிக்கும் குடும்பங்கள் ஐரோப்பாவில் நிறைய இருக்கின்றன. ஒரே சம்பளச் சேமிப்பு, ஒரே ஆறு வார விடுமுறை; அதில் ஒன்றைத்தான் தெரிவுசெய்ய முடியும். நான் எப்போதும் "ஊருக்கு வா" என்றுதான் சொல்வேன். ஆனால் மத்தியதரைக் கடலை இங்கே தேடிக்கொண்டு வரவேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

கடலும் காற்றும்

யூலை, ஆகஸ்டில் மத்தியதரைக் கடற்கரை வெயிலும் அமைதியான கடலுமாக இருக்கும். மன்னாரிலும் அந்த மாதங்களில் மழை அரிது. எங்களுக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். ஆனால் வைகாசியிலிருந்து புரட்டாதிவரை சோழகம் வீசும். மன்னார் வளைகுடாவைப் பார்த்திருக்கும் எங்கள் கரையில் அந்தக் காலத்தில் கடல் கொந்தளிப்பாகவே இருக்கும். மன்னார் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய 30 காற்றாலைகளைப் பார்த்தாலே அந்தக் காற்றின் பலம் விளங்கும்.

இங்கே கடற்கரைக் காவலர்கள் கிடையாது. பிள்ளைகள் குளிக்க ஆசைப்பட்டால், முதலில் அன்றைய கடலைப் பற்றி ஊர் மீனவர் ஒருவரிடம் கேளுங்கள். மன்னார் நகருக்கு வடக்கே பாக்கு நீரிணைப் பக்கமாக உள்ள கீரிக் கடற்கரை சோழகக் காலத்தில் ஓரளவு அமைதியாக இருக்கும். நீந்துவதே முக்கியம் என்றால், பயணத்தில் மூன்று நாட்களைத் திருகோணமலை நிலாவெளிக்கோ மட்டக்களப்பு பாசிக்குடாவுக்கோ ஒதுக்குங்கள். மேற்குக் கரையைக் கொந்தளிக்க வைக்கும் அதே பருவத்தில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும்.

பறவைகளைப் பார்க்க வேண்டுமென்றால்

வங்காலை என்றதும் பிள்ளைகள் இணையத்தில் பார்ப்பது பூநாரைக் கூட்டங்களைத்தான். 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்ட 4,839 ஹெக்டேயர் நிலம் இது. ஆனால் வலசைப் பறவைகள் ஐப்பசியளவில் வந்து பங்குனி, சித்திரையில் வடக்கே திரும்பிவிடும். நீங்கள் வரும் ஆகஸ்டில் அவற்றில் பெரும்பாலானவை இங்கே இருக்காது. அவற்றைப் பார்ப்பதற்காகவே வருவதென்றால் நத்தார் விடுமுறையில் வாருங்கள்.

எந்த வாரம் வருவது?

யூலை 26 புனித ஆனாள் திருநாள். எங்கள் ஊர்க் கோயில் அவருக்கு உரியது. ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா. இரண்டுக்கும் நிற்கக்கூடியதாக வந்தால் சொந்தபந்தங்கள் எல்லோரையும் வீடு வீடாகத் தேடி அலைய வேண்டியதில்லை. மடுவில் தங்குவதென்றால் இடத்துக்கு முன்கூட்டியே ஒழுங்கு செய்யவேண்டும். அந்த நாட்களில் வாகனமும் இலகுவில் கிடைக்காது.

இங்குள்ள பாடசாலை விடுமுறை அட்டவணையையும் பாருங்கள். 2025இல் ஆகஸ்ட் விடுமுறை ஏறத்தாழ பத்து நாட்கள்தான். மச்சான் மச்சாள்மார் வகுப்பில் இருக்கும்போது உங்கள் பிள்ளைகள் வீட்டில் கைபேசியோடுதான் இருப்பார்கள்.

பயணமும் கடவுச்சீட்டும்

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இணையவழிச் சுற்றுலா அனுமதி முதலில் 30 நாட்களுக்கே கிடைக்கும். ஆறு வாரம் நிற்பதென்றால் அதை நீடிக்கவேண்டும்; கடைசி நாள்வரை விட்டுவைக்காதீர்கள்.

கொழும்பு கோட்டையிலிருந்து வரும் தலைமன்னார் புகையிரதப் பாதை, போரினால் நின்றுபோய், 2015 மார்ச்சில் மீண்டும் தலைமன்னார்வரை திறக்கப்பட்டது. நேர அட்டவணையைப் புறப்படும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வானில் வருபவர்கள் அநுராதபுரம், மதவாச்சி வழியாக வாருங்கள். வில்பத்துக் காட்டினூடான புத்தளம் பாதை பல வருடங்களாக வழக்கில் சிக்கியிருப்பது. வரைபடத்தில் குறுக்குவழியாகத் தெரிகிறதென்று அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

அரைநாள் பயணத்துக்கு இடங்கள் உண்டு: திருக்கேதீஸ்வரம், போர்த்துக்கேயர் 1560இல் கட்டிய மன்னார்க் கோட்டை, பள்ளிமுனைப் பெருக்கமரம், நீர்க்காகங்கள் நிற்கும் கட்டுக்கரைக்குளம். அரிப்பில் ஆளுநர் பிரெடரிக் நோர்த் கட்டிய மாளிகையின் மிச்சச் சுவர்களை எங்கள் பக்கத்தில் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். கடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்போதே காட்டிவிடுங்கள்.

வீட்டுக்காரரின் பக்கம்

இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன். ஆகஸ்டில் கிணற்றில் நீர் இறங்கிவிடும். நாளுக்கு மூன்று தரம் குளிக்கும் ஐந்துபேர் புதிதாக வந்தால், அம்மா இரவில் எழுந்து தண்ணீர் நிரப்புவார், உங்களிடம் சொல்லமாட்டார். சோழகம் அடித்துத் தொழில் குறைந்த மாதத்தில் உங்களுக்காக நண்டும் இறாலும் வாங்குவார்கள். அது சிலவேளை கடனாகவும் இருக்கும். சொக்கிலேற் பெட்டிகளைக் குறைத்துக்கொண்டு, வந்த முதல் நாளே சமையற் செலவுக்கும் மின்கட்டணத்துக்கும் பணத்தை அம்மாவின் கையில் கொடுங்கள். ஊரில் அதை ஒருவரும் குறையாக நினைக்கமாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

கோயிலுக்குப் போனால், 1985 சனவரி 6இல் அங்கு கொல்லப்பட்ட பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகளாரைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள். சேமக்காலையில் நின்றால் தாத்தாவின் தம்பி ஏன் இவ்வளவு இளமையில் போனார் என்பார்கள். 1990இல் வள்ளமேறி இராமேஸ்வரம் போனவர்களின் கதையும் வரும். விமானத்தில் ஏறுமுன்பே வயதுக்கேற்றபடி சொல்லிவையுங்கள். இல்லையென்றால் அந்தக் கேள்விகளுக்கு மொழி புரியாத பாட்டிதான் பதில் சொல்லவேண்டியிருக்கும்.

அதற்காகத்தான் நான் தங்கையை ஊருக்கு வரச் சொல்கிறேன். ஸ்பெயினின் கடற்கரை பத்து வருடம் கழித்தும் அங்கேயே இருக்கும். அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. ஐந்து வாரம் கிடைக்காவிட்டால் மூன்று வாரம் வாருங்கள். அதில் ஒரு வாரத்துக்காவது எந்தத் திட்டமும் போடாதீர்கள். பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்கத் தொடங்கவே அவ்வளவு நாள் எடுக்கும்.