விருந்தளித்தவனை விசாரித்த வசனம்

சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து மத்ரஸாப் பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்த வேளை. நம் மாணவன் ஒருவனின் தாயார் ராதாபுரத்தை அடுத்த சிற்றூரிலிருந்து வந்து வாசலோரமாக நின்றார். அவருடைய மூத்த மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தகப்பனார் இல்லை. விடுமுறை நாள்களில் தோழியருடன் திருமண மண்டபங்களுக்குச் சென்று, வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனக் கிண்ணம் நீட்டி, வருவோரை வரவேற்கும் கூலி வேலை பார்க்கிறாள். 'வெல்கம் கேர்ள்ஸ்' என்று இப்போது அதற்கொரு பெயரும் வந்துவிட்டது. ஒரு முறை அவர்களை அழைத்துச் சென்ற இடத்தில் திருமணம் எதுவும் இல்லை. வணிகர் சிலர் ஒரு விடுதியில் தமக்குள் நடத்திய இரவு விருந்து அது. அந்தக் கூடத்தில் பெண்கள் என்று இருந்தவர்கள் பரிமாற வந்த அந்த ஆறு பேர் மட்டுமே. ஒருவன் அவளுடைய கையைப் பிடித்து இழுத்துத் தன் அருகில் உட்காரச் சொல்லியிருக்கிறான். மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அவள் உதறிவிட்டு வெளியே வந்தபோது, அழைத்து வந்த ஆள், விருந்தாளிகளின் மனம் கோணாமல் நடந்துகொள்ளத் தெரியாதா என்று கடிந்திருக்கிறான்.

"அவ ஏன் அங்க போனான்னுதான் எல்லாரும் கேக்காவ ஹஜ்ரத். அவன் ஏன் கையப் புடிச்சான்னு ஒருத்தரும் கேக்கலியே."

உண்மையைச் சொல்வதானால், நம் நாவில் முதலில் எழுந்ததும் அந்தக் கேள்விதான். இருபது ஆண்டுகளாக ஓதிக்கொடுக்கும் நாவு அது. நல்ல வேளையாக வெளியே வரவில்லை. அந்நிய ஆடவர் கூடும் விருந்தில் இளம்பெண் நின்று பரிமாறுவதை மார்க்கம் விரும்பவில்லை என்பது நாமே பாடம் நடத்தும் செய்தி. அதை மறுக்க இந்தக் கட்டுரையை எழுதவில்லை. ஆனால் அந்தத் தாயார் கேட்ட கேள்வி வேறு. அன்றிரவு ஸூரத்துந் நூருக்கான தஃப்ஸீரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

மதீனாவில் அப்துல்லாஹ் பின் உபை என்பவனை அறியாதோர் நம்மில் இலர். முனாஃபிக்குகளின் தலைவன். நபி (ஸல்) அவர்கள் அங்கே வருவதற்கு முன், ஊரார் அவனுக்கு முடிசூட்டவே ஆயத்தமாக இருந்தார்கள். பெரிய மனிதன், விருந்தோம்பலுக்குப் பெயர் பெற்ற வீடு. அந்த விருந்தோம்பலின் ஒரு பகுதியைத் தஃப்ஸீர் அறிஞர் ஸுத்தீ அவர்கள் வழியாக வரும் அறிவிப்பு திறந்து காட்டுகிறது. முஆதா என்ற அடிமைப் பெண்ணை, வீட்டுக்கு விருந்தாளி வரும்போதெல்லாம் அவரிடம் அனுப்பி வைப்பது அவன் வழக்கம். விருந்தாளியிடமிருந்து கைம்மாறு கிடைக்கும். வீட்டுக்காரனுக்குப் பெருமையும் சேரும். அந்தப் பெண் அபூபக்கர் (ரலி) அவர்களிடம் வந்து முறையிட்டாள். அவர் நபியவர்களிடம் எடுத்துரைத்தார். அவளை அவனிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுமாறு நபியவர்கள் பணித்தார்கள். இப்னு உபை கொதித்தெழுந்தான். நம் அடிமைகள் மீது நமக்கிருந்த அதிகாரத்தையும் முஹம்மது பறிக்கிறாரே என்பதுதான் அவனுடைய ஆத்திரம். ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான அறிவிப்பில் முஸைக்கா, உமைமா என்னும் இரு பெண்களின் பெயர்கள் வருகின்றன. அவ்விருவரும் நபியவர்களிடமே நேரில் சென்று முறையிட்டார்கள்.

இதையொட்டி இறங்கியதே அந்நூர் அத்தியாயத்தின் 33ஆம் வசனம். உலக ஆதாயத்துக்காக உங்கள் பணிப்பெண்களைக் கற்பிழக்க வற்புறுத்தாதீர்கள் என்னும் கருத்தை அது கூறுகிறது. அதன் தடை யாரை நோக்கியது என்று பாருங்கள். அனுப்பி வைத்தவனைத்தான். ஏன் போனாய் என்று முஆதாவிடம் கேட்கப்படவில்லை. வசனத்தின் முடிவில் மன்னிப்பைப் பற்றிய சொல் வருகிறது. வற்புறுத்தப்பட்ட பெண்களுக்கே அந்த மன்னிப்பு, பாவம் வற்புறுத்தியவன் மீது என்று இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கினார்கள். ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களோ, அது அப்பெண்களுக்கே என்று அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுச் சொல்வார்களாம். அதே அத்தியாயத்தில் பார்வையைத் தாழ்த்துமாறு 30ஆம் வசனத்தில் ஆண்களுக்கும் 31ஆம் வசனத்தில் பெண்களுக்கும் கட்டளை வருகிறது. நம் ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை 31இல் தொடங்கியிருக்கிறோம் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

வசனம் இறங்கிவிட்டதால் முஸ்லிம் சமுதாயம் அந்த வழக்கத்தை விட்டுவிட்டது என்று பெருமை பேச இயலாது. அப்பாஸியர் காலத்துப் பஸராவிலும் பக்தாதிலும் 'கியான்' என்னும் பாடும் அடிமைப் பெண்களை வைத்துச் செல்வந்தர்களை வரவழைத்துப் பொருள் ஈட்டிய வீடுகள் இருந்தன. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பஸராவைச் சேர்ந்த ஜாஹிழ் அதைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் நம் நாட்டு நவாபுகளின் விருந்துகளும் ஆடல் மகளிர் இல்லாமல் நடக்கவில்லை. அதைச் சொல்லாமல் அண்டை வீட்டாரின் வரலாற்றை மட்டும் பேசுவது நீதியாகாது.

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் பெரிய வீடுகளிலும் ஜமீன் அரண்மனைகளிலும் விசேஷம் என்றால் சதிர்க் கச்சேரி இருக்கும். சின்னமேளம் என்றும் அதற்குப் பெயர். ஆங்கிலேயர் 'நாச்' என்னும் வடசொல்லைத் தம் நாவுக்கு ஏற்ப 'நாட்ச்' ஆக்கிக்கொண்டனர். ஆடியவர் பெண், முன்வரிசையில் வீற்றிருந்தோர் ஆடவர், கச்சேரிக்குப் பணம் கொடுத்தவரும் ஆடவர். இந்தப் பெண்கள் விருந்து பரிமாற வந்தவர்கள் அல்லர். இசையும் நடனமும் தேர்ந்த கலைஞர்கள். ஆயினும் அழைத்தவரின் தயவில் வாழ வேண்டிய நிலை அவர்களுக்கும் இருந்தது. கலைக்குக் கொடுத்த பணம் கலைஞரையும் வாங்கிவிட்டதாக எண்ணியோர் பலர்.

1893இல் சென்னையின் இந்து சமூகச் சீர்திருத்தச் சங்கத்தார் வைசிராய் லான்ஸ்டௌன் பிரபுவுக்கும் சென்னை கவர்னர் வென்லாக் பிரபுவுக்கும் விண்ணப்பம் அனுப்பினர். நாட்ச் நடக்கும் விருந்துகளுக்குத் தாங்கள் செல்லக் கூடாது என்பதே வேண்டுகோள். இருவரும் மறுத்துவிட்டனர். தாம் கண்ட கச்சேரிகளில் முறைகேடு எதுவும் தென்படவில்லை என்பது வைசிராய் தரப்பின் பதில். கண்ணியமான விருந்தாளியின் கண்ணுக்கு எதுவுமே தென்படாத அந்த வித்தை இன்றும் வழக்கொழிந்து போகவில்லை.

விண்ணப்பித்தோரின் நோக்கம் நல்லது. விருந்தினரை நோக்கிக் கேள்வி எழுப்பிய வகையில் அது சரியான வாசலையே தட்டியது. ஆனால் அந்த இயக்கம் வளர வளர, மேடைப் பேச்சுகளிலும் துண்டு நூல்களிலும் குற்றம் ஆடியவளின் மேல் வந்து இறங்கியது. அவள்தான் குடும்பங்களைக் கெடுக்கிறாள், இளைஞரை மயக்குகிறாள் என்றாகிவிட்டது. கச்சேரி வைத்த வீட்டுக்காரர் மெல்ல மறைந்துபோனார்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் இதை உள்ளிருந்து அறிந்தவர். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவருடைய தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். சென்னைச் சட்டமன்றத்தில் முதல் பெண் உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் அமர்ந்து, பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலான கலைஞர்கள் அதை எதிர்த்தனர். எங்கள் மரபையும் மானியத்தையும் சேர்த்துப் பறிக்கிறீர்களே என்பது அவர்களுடைய வாதம். அந்த வாதத்தில் இருந்த வலியையும் நாம் புறந்தள்ள முடியாது. முழுமையான தடைச்சட்டம் 1947இல்தான் வந்தது. ஆடியவர், ஆட அனுமதித்தவர், துணைநின்றவர் ஆகியோருக்கு அதில் தண்டனை உண்டு. முன்வரிசையில் அமர்ந்து பார்த்தவருக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.

அந்தக் காலத்தில் விரலை நேராக நீட்டியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1883இல் பிறந்து, அந்த மரபுக்குள் வளர்ந்து, அதிலிருந்து வெளியேறி மணம் புரிந்துகொண்டவர். 1936இல் வெளிவந்த அவருடைய நாவலின் பெயர் 'தாசிகள் மோசவலை' என்பதோடு முடிவதில்லை. 'அல்லது மதிபெற்ற மைனர்' என்றும் தொடர்கிறது. அந்தப் பின்பாதியை நாம் பெரிதும் மதிக்கிறோம். மைனருக்கு மதி வரவேண்டும் என்று தலைப்பிலேயே எழுதிவைத்த துணிவு அது. பின்னாளில் ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டதால் நம் வீடுகளிலும் அந்தப் பெயர் தெரியும். நூலைப் படித்தோர் சிலரே.

இவையெல்லாம் பழங்கதை என்பாருக்காக ஒரு சமீபத்துச் செய்தி. 2018 ஜனவரி 18 அன்று இலண்டனின் டார்செஸ்டர் விடுதியில் 'பிரசிடெண்ட்ஸ் கிளப்' என்னும் அறக்கட்டளையின் ஆண்டு விருந்து நடந்தது. 33 ஆண்டுகளாக நடந்துவந்த விருந்து. விருந்தினர் ஏறத்தாழ 360 பேர், அனைவரும் ஆடவர், தொழிலதிபர், நிதித்துறையினர், அரசியலார். உபசரிக்க அமர்த்தப்பட்ட பெண்கள் 130 பேர். குட்டையான கருப்பு உடையும், அதற்குப் பொருந்தும் உள்ளாடையும், குதியுயர்ந்த காலணியும் அணிய வேண்டும் என்பது கட்டளை. கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொண்டனர். நடந்ததை வெளியே சொல்லமாட்டோம் என்னும் ஐந்து பக்க ஒப்பந்தத்தில், படிக்க அவகாசமே தராமல் கையெழுத்து வாங்கினர். கூலி 150 பவுண்டு. கழிவறையில் சற்று அதிக நேரம் நின்ற பெண்களை அழைத்துவந்து மீண்டும் கூடத்தில் விட ஆள் நிறுத்தியிருந்தார்கள். பாலியல் தொல்லை கூடாது என்று விருந்தின் கையேட்டில் முழுப் பக்க எச்சரிக்கை அச்சாகியிருந்தது என்பதுதான் வேடிக்கை.

'ஃபைனான்சியல் டைம்ஸ்' இதழின் மேடிசன் மேரேஜ் என்ற பெண் நிருபர் அந்த 130 பேரில் ஒருவராகச் சேர்ந்து உள்ளே சென்றார். ஆடவரின் கைகள் எங்கெல்லாம் நீண்டன, எவ்வகை அழைப்புகள் விடுக்கப்பட்டன என்று அவர் எழுதிய செய்தி ஜனவரி 23 அன்று வெளியானது. மறுநாளே அந்த அறக்கட்டளை மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் மருத்துவமனை, பெற்ற நன்கொடையைத் திருப்பித் தருவதாகக் கூறியது. நோயுற்ற குழந்தைகளுக்கு உதவி என்னும் போர்வைக்குள் அத்தனையும் நடந்திருந்தது. விருந்தளிப்பவனுக்குப் பெருமை, விருந்தாளியிடமிருந்து கைம்மாறு. முஆதா அடிமை, இவர்கள் கூலிக்கு வந்தவர்கள். அந்த வேறுபாட்டை மறுக்கவில்லை. கணக்கு எழுதிய முறை ஒன்றாகவே இருக்கிறது.

இதில் சட்டத்தின் கதை ஒன்றும் உண்டு. வாடிக்கையாளர், விருந்தினர் போன்ற வெளியார் தரும் தொல்லைக்கு முதலாளியைப் பொறுப்பாக்கிய விதியொன்று இங்கிலாந்தின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் இருந்தது. 2013இல் அதை நீக்கிவிட்டார்கள். ஐந்தாம் ஆண்டில் இந்த விருந்து அம்பலமானது. அதே 2013இல்தான் நம் நாட்டில் பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. பணியிடத்தில் பெண்ணுக்குப் பாதுகாப்பான சூழலைத் தருவது முதலாளியின் கடமை என்று அதன் 19ஆம் பிரிவு கூறுகிறது. பணியிடத்தில் தொடர்புக்கு வரும் பிறரிடமிருந்தும் பாதுகாப்பு என்று அதே பிரிவு தெளிவாகச் சேர்த்துச் சொல்கிறது. விருந்தாளி அந்தச் சொல்லுக்குள் அடங்குவார். வேலை நிமித்தமாகச் சென்ற எந்த இடமும், அழைத்துச் செல்லும் வாகனமும்கூடப் பணியிடமே. பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் இடமானாலும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்டத்துக்கென அமைந்த உள்ளூர்க் குழுவிடம் எழுத்தில் முறையிடலாம். நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம்.

இவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு, அந்தத் தாயாரையும் மகளையும் அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொன்னோம். இப்படியொரு சட்டம் இருப்பது இருவருக்கும் தெரியாது. நமக்கே முந்தைய வாரம்தான் முழுதாகத் தெரியவந்தது. மூன்று மாதம் முடியப் பதினோரு நாள்கள் மீதமிருந்தன. ஜமாஅத்தில் சொல்லிப் பேசி முடித்துவிடலாமே என்று பெரியவர் ஒருவர் யோசனை சொன்னார். யாரிடம் பேசி எதை முடிப்பது என்று கேட்டோம். அவர் மேற்கொண்டு பேசவில்லை.

புகாரை அந்தப் பெண்ணே எழுதினாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அவள் பெயரைப் போடாமல் கொடுக்க வழியில்லையா என்று தாயார் இரண்டு முறை கேட்டார். அவள் நிமிராமல் எழுதிக்கொண்டே, முதலில் விருந்து நடத்தியவரின் பெயரையும், அடுத்து அழைத்துச் சென்றவனின் பெயரையும், கடைசியாகத் தன் பெயரையும் எழுதினாள். கையைப் பிடித்தவனின் பெயர் அவளுக்குத் தெரியாது. அவன் அமர்ந்திருந்த மேசை எது என்று குறித்தாள். திங்கட்கிழமை காலை முதல் பேருந்தில் தாயும் மகளும் கொக்கிரகுளத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் புறப்பட்டுச் சென்றார்கள்.