ஆசானாய் நின்ற கொம்பு

ஒரு கைத்தொழில் தலைமுறை தோறும் தொடர்வதற்கு மூன்று தேவை: அத்தொழிலால் விளையும் பொருளை வேண்டும் மக்கள், கற்பிக்கும் ஆசான், கற்கும் மாணவன். பொருளை வேண்டுவார் இல்லாதபோது மாணவன் வருவதில்லை. மாணவன் வராதபோது ஆசானின் அறிவு ஆசானோடு மண்ணில் மறைகிறது. அவ்வாறு அறுந்த தொழிலை மீண்டும் கற்க இயலுமா? கற்றாலும் அது பழைய தொழில்தானா? இவ்வினாக்களுக்கு அமெரிக்க நாட்டின் மருந்துக் கொம்பு தரும் விடை சிந்திக்கத்தக்கது.

தோளில் தொங்கிய கருவி

18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்கக் குடியேற்றங்களில் வழங்கிய துப்பாக்கிகள் குழலின் வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிக்கப்பட்டவை. வேட்டைக்காரன் அளந்த வெடிமருந்தை முதலில் இடுவான். பின்னர் எண்ணெய் தோய்ந்த துணித்துண்டில் ஈயக்குண்டைப் பொதிந்து, கோலால் உள்ளே செலுத்துவான். விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் எஃகில் மோதிப் பொறி சிந்தும், மருந்து பற்றும்.

இதற்கு வேண்டிய துணைக்கருவிகள் பல. குண்டு வார்க்கும் அச்சு, மாற்றுக் கல், துணி நறுக்கும் சிறு கத்தி, பற்றுதுளையைத் தூய்மை செய்யும் கம்பி ஆகியவை தோற்பையில் கிடந்தன. மான்கொம்பின் நுனியைக் குடைந்து செய்த அளவைக் குப்பியும் உடனிருந்தது. குழலில் தணல் எஞ்சியிருக்கக் கூடுமாதலால், கொம்பிலிருந்து நேரே மருந்தைக் கொட்டுவது உயிருக்கே ஊறாகும். ஆகவே கொம்பிலிருந்து அளவைக்கும் அளவையிலிருந்து குழலுக்கும் மருந்து செல்வதே முறையாயிற்று.

மருந்தைக் காத்தது மாட்டுக் கொம்பு. அது எடை குறைந்தது, ஈரம் புகாதது, இரும்பைப் போல் உரசிப் பொறி எழுப்பாதது. துப்பாக்கி செய்யத் தேர்ந்த கம்மியன் தேவைப்பட்டான். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் செருமானியக் குடியேறிகள் நடத்திய பட்டறைகள் அத்தொழிலுக்குப் புகழ் பெற்றன. கொம்போ மாடு வளர்த்த வீடெல்லாம் கிடைத்தது. நகரங்களில் கொம்புத் தொழிலாளர் கடைந்து விற்றதும் உண்டு. உழவன் தன் வீட்டுத் திண்ணையில் தானே செய்துகொண்டதும் உண்டு.

எழுத்தேறிய கொம்பு

1754 முதல் 1763 வரை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வட அமெரிக்காவில் பொருதனர். போரில் ஈடுபட்ட நாள்களைவிடக் கோட்டைகளில் காத்திருந்த நாள்களே வீரர்க்கு மிகுதி. அந்நாள்களில் கொம்புகளில் எழுத்தேறியது. உடையவன் பெயர், படைமுகாம், ஆண்டு, கோட்டையின் வடிவம், ஆறுகளின் போக்கு எனப் பலவும் கத்தி முனையாலும் ஊசியாலும் கீறப்பட்டன. ஓலையில் எழுத்தாணியால் கீறி மை தடவுவதைப் போன்றே, கீறலில் கரியைத் தேய்த்து எழுத்தைத் துலங்கச் செய்தனர்.

பல கொம்புகளில் செய்யுள்களும் உள்ளன. கொம்பில் உடையவன் பெயர் இருப்பதை நினைவூட்டித் திருடனை எச்சரிக்கும் அடிகள் அவற்றுள் பெருவழக்கு. எழுத்துப்பிழை மலிந்தவை, தொடக்கத்தில் பெரிதாக நின்ற எழுத்துகள் இடம் போதாமல் வரியின் இறுதியில் நெருங்கிக் குறுகுவன. புலவர் அவையில் ஏறாத செய்யுள்கள் இவை. எனினும் அடுத்த நாள் உயிரோடிருப்போமா என்றறியாத ஒருவன் தன் பெயர் நிற்க வேண்டுமென்று விழைந்த விழைவு அவற்றில் பதிந்துள்ளது.

இக்கலையில் முன்னின்றவர்களுள் ஒருவர் ஜான் புஷ். மாசசூசெட்ஸின் ஷ்ரூஸ்பரி ஊரைச் சேர்ந்த கறுப்பினப் படைவீரர். 1755ஆம் ஆண்டளவில் ஜார்ஜ் ஏரிக்கரை முகாமில் தம் தோழர்க்கு அவர் பொறித்த கொம்புகளின் கொடிக்கோலமும் எழுத்தழகும் பின்வந்தோர்க்கு முன்மாதிரியாயின. 1757இல் வில்லியம் ஹென்றி கோட்டை வீழ்ந்தபோது சிறைப்பட்ட அவர் மீளவில்லை, சிறையிருப்பிலேயே மாண்டார். கொம்புகள் மட்டும் ஊர் திரும்பின.

அறுந்த இழை

19ஆம் நூற்றாண்டின் நடுவில் சக்கிமுக்கிக் கல்லின் இடத்தை வெடிக் கேப்பு பிடித்தது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பின் குண்டும் மருந்தும் ஒன்றாயமைந்த உலோகத் தோட்டா பரவியது. மருந்தைத் தனியே சுமக்கும் தேவை நீங்கவே, கொம்பு பரணுக்கு ஏறிற்று. அப்பலாச்சிய மலைப்பகுதிகளில் சில குடும்பங்கள் மட்டும் பழைய துப்பாக்கியையும் அதன் கருவிகளையும் விடாமல் வைத்திருந்தன.

கொம்புத் தொழில் முழுமைக்கும் இதே நிலைதான். சீப்பு, கரண்டி, விளக்கின் ஒளிபுகு தகடு எனப் பலவும் கொம்பால் ஆன காலத்தில், இலண்டன் மாநகரின் கொம்புத் தொழிலாளர் குழாம் செல்வாக்கோடு விளங்கியது. அத்தொன்மையான குழாம் 1943இல் பிளாஸ்டிக் தொழிலைத் தன் தொழிலின் இக்கால வடிவமாக ஏற்றுக்கொண்டது. கொம்பை வீழ்த்திய பொருளையே கொம்பின் வாரிசாக ஏற்க நேர்ந்தது காலத்தின் விந்தை.

தொழில் மறைந்தாலும் பொருளைக் காத்தவர் இருந்தனர். நியூயார்க் மாநிலத்துக் கனஜோஹாரி என்னும் சிற்றூரில் ஓவிய ஆசிரியராயிருந்த ரூஃபஸ் கிரைடர் (1817–1900), வீடுகளில் கிடந்த கொம்புகளைத் தேடித்தேடி வரைந்தார். வளைவில் சுற்றிக் கிடந்த சித்திரத்தைத் தாளில் விரித்துக் காட்டிய அவருடைய ஓவியங்கள் நூற்றுக்கணக்கில் நியூயார்க் வரலாற்றுக் கழகத்தில் உள்ளன. 1945இல் ஸ்டீபன் கிரான்சே எழுத்தேறிய கொம்புகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஆயினும் ஓவியமும் நூலும் கொம்பில் இருப்பதைக் காட்டுமே அன்றி, கை செய்த வேலையைக் காட்டா.

மீட்சி

1924இல் ஜான் டில்லின் எழுதிய ‘கென்டக்கி ரைபிள்’ என்னும் நூல் பழைய துப்பாக்கியின் மீது பலரின் கருத்தைத் திருப்பியது. 1933இல் அத்தகைய துப்பாக்கியில் ஆர்வம் கொண்டோர் தேசிய அளவில் ஒரு சங்கம் கண்டனர். 1960களில் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் வாலஸ் கஸ்லர் என்னும் இளைஞர், இரும்புத் தகட்டைக் காய்ச்சிச் சுருட்டிக் குழலாக்குவது முதல் அனைத்தையும் பழைய கருவிகளைக் கொண்டே செய்ய முயன்றார். அவருடைய பணியைக் காட்டும் திரைப்படம் 1969இல் வெளிவந்தது. ஜார்ஜியா மாநிலப் பள்ளி மாணவர்கள் முதியோரைக் கண்டு கேட்டு எழுதிய ‘ஃபாக்ஸ்ஃபயர்’ வரிசையின் 5ஆம் தொகுதி 1979இல் இத்தொழிலை விரிவாகப் பதிவு செய்தது. இடையே 1976இல் நாட்டின் விடுதலை 200ஆம் ஆண்டை எய்தியபோது, தொழிலறியாத பலர் முதன்முதலாகக் கொம்பையும் அரத்தையும் கையில் எடுத்தனர்.

தொடங்குவோன் பாடம்

கற்கத் தொடங்குவோன் பெரும்பாலும் துப்பாக்கியைத் தொடுவதில்லை, கொம்பையே தொடுகிறான். முதற்பாடம் தேர்வு. மாட்டின் இடக்கொம்பும் வலக்கொம்பும் வெவ்வேறு முறுக்குடையவை. அணியும் பக்கத்து விலாவில் படிந்து கிடக்கும் கொம்பே ஏற்றது.

அடுத்தது உட்குழிவை அறிதல். கொம்பின் நுனி திண்மையானது. வளையும் கம்பியொன்றை உள்ளே செலுத்தி, அது நிற்குமிடத்தைப் புறத்தே குறித்துக்கொண்டு நுனியிலிருந்து துளையிட வேண்டும். கொம்பு வளைவது, துளை நேரே செல்வது. இவ்வேறுபாட்டை மறந்தால் துளை பக்கவாட்டில் பிதுங்கிக் கொம்பு பாழாகும்.

பின்னர் அடிமூடி. கொம்பு நகத்தையும் மயிரையும் போன்ற பொருளால் ஆனது. கொதிநீரில் இளகும், ஆறினால் இறுகும். இளகிய நிலையில் கூம்பு வடிவ மரக்கட்டையை அடியில் செலுத்தினால், நீள்வட்டமான வாய் வட்டமாகி நிலைபெறும். அதில் மரமூடியைப் பொருத்திச் சிற்றாணியோ மரமுளையோ அடிப்பர். நீரில் வேகவைக்காமல் நெருப்பில் நேரே காட்டினால் கொம்பு கருகும். மயிர் எரியும் நாற்றமே அப்பிழையை முதலில் அறிவிக்கும்.

இறுதியாகச் சுரண்டல். கத்தியின் வாயைச் செங்குத்தாக நிறுத்தி இழை இழையாகச் சுரண்டி, விளக்கொளியில் பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் மருந்தின் அளவு நிழலாகத் தெரியுமளவுக்கு மெலிவதே சிறப்பு. எங்கே நிறுத்துவது என்பதை எந்த நூலும் சொல்வதில்லை. விரல் அறிய வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் அவன் பழைய கொம்பொன்றை மீண்டும் நோக்கினால், அது வேறு பொருளாகத் தோன்றும். மூடி கோணலாகச் செதுக்கப்பட்டுக் கொம்பின் வடிவுக்கு இசைந்திருந்தால், அது வீட்டில் செய்தது. கொம்பே வட்டமாக்கப்பட்டுக் கடைந்த மூடிக்கு இசைந்திருந்தால், அது தொழிலாளியின் பட்டறையில் பிறந்தது. அரத்தின் தடம் எத்திசையில் ஓடியது, கத்தி எங்கே வழுக்கியது என்பனவெல்லாம் புலனாகும். முன்பு அவன் கண்டது அழகு. இப்போது அவன் காண்பது ஒரு மனிதனின் கை. ஏகலைவனுக்கு மண்ணுருவம் ஆசானானது போல இவனுக்குக் கொம்பு ஆசானாகிறது. ஆனால் தானும் ஒன்றைச் செய்து கெடுத்தவனிடமே அவ்வாசான் பேசுகிறது.

பெயர் என்னும் அறம்

திறமை வளர்ந்தபோது ஒரு சிக்கலும் வளர்ந்தது. புதிய கொம்புக்குச் சாயமேற்றித் தேய்த்துப் பழைய ஆண்டைப் பொறித்தால், அறிந்தோரும் ஏமாறக்கூடும். பழைய கொம்பின் விலையோ பெரிது. ஆகவே நேர்மையுடைய கைவினைஞர் தம் பெயரையும் செய்த ஆண்டையும் கொம்பில் பொறிக்கின்றனர். 18ஆம் நூற்றாண்டுக் கொம்புகளில் பெரும்பாலும் உடையவன் பெயரே காணப்படும். செய்தவன் பெயர் அரிது. இன்று செய்தவன் தன் பெயரை எழுதியாக வேண்டியுள்ளது. அது புகழுக்கன்று, இழை ஒருமுறை அறுந்தது என்னும் உண்மையை மறைக்காமைக்கே.

தொடக்கத்து வினாக்களுக்கு இதுவே விடை. அறுந்த தொழிலை மீண்டும் கற்க இயலும். ஆயின் முடிச்சிட்டே இணைக்க இயலும். அம்முடிச்சை வெளிப்படக் காட்டுவது தொழிலுக்குக் குறையன்று. முன்னோர் யாப்பில் புதிதாய் ஒரு பா எழுதுவோன் அதற்கு முன்னோர் பெயரை இடுவதில்லை. தன் பெயரையே இடுகிறான். பழைய முறையைக் கற்றவன் பழையவனாக நடிக்க வேண்டியதில்லை என்பதைக் கொம்பில் பொறித்த அச்சிறு பெயரும் ஆண்டும் உணர்த்துகின்றன.