ஒத்திவைக்கப்பட்ட தொகுப்பு: பேர்ள் மொழியில் சி நிரல் பெற்ற இடம்

மனிதர் எழுதும் செய்நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் பணி தொகுத்தல் எனப்படும். 1957 இல் போர்ட்ரான் தொகுப்பி வெளிவந்த காலந்தொட்டு, செய்நிரல் இயங்குவதற்கு முன்னரே தொகுத்தல் முற்றுப்பெற வேண்டும் என்பதே பெருவழக்காயிற்று. அவ்வழக்கு தளர்ந்த வரலாற்றில், செலவை யார், எப்பொழுது ஏற்பது என்னும் வினாவே அடிப்படையானது.

1968 இல் கென் தொம்சன் வெளியிட்ட கட்டுரையொன்று இவ்வகையில் முன்னோடியாகும். பயனாளர் தரும் தேடற் கோலத்தை அவ்வேளையிலேயே ஐ.பி.எம். 7094 கணனியின் இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் முறையை அவர் அதில் விளக்கினார். 1984 இல் டொய்ச்சும் ஷிவ்மனும் ஸ்மோல்ரோக்-80 மொழியில் மேலுமொரு படி சென்றனர். ஒரு செயன்முறை முதன்முதலாக அழைக்கப்படும்போதே அது இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டுச் சேமிக்கப்பட்டது. நினைவகத்தில் இடம் போதாதவிடத்து அது கைவிடப்பட்டு, தேவையேற்படின் மீண்டும் உருவாக்கப்பட்டது.

1987 இல் லரி வோல் வெளியிட்ட பேர்ள், எழுதுவதற்கு எளிய மொழி. ஆயின் கணிப்பு மிகுந்த பணிகளில் வேகங் குறைந்தது. அக்குறையை நிரப்பச் சி மொழியின் துணை வேண்டப்பட்டது. 1994 இல் வெளிவந்த பேர்ளின் ஐந்தாம் பதிப்பு அதற்கென எக்ஸ்.எஸ். என்னும் இடைமுகத்தை வழங்கிற்று. எனினும் அதன் விதிகள் கடினமானவை. தொகுத்தலும் தனியொரு பணியாகவே நின்றது.

2000 ஆம் ஆண்டளவில் பிறயன் இங்கர்சன் உருவாக்கிய இன்லைன் என்னும் கூறு இத்தடையை நீக்கியது. சி நிரலைப் பேர்ள் கோப்பினுள்ளேயே எழுதலாம். முதன்முறை இயக்கும்போது அது தொகுக்கப்பட்டு, மூலத்தின் அடையாளச் சுருக்கத்துடன் சேமிக்கப்படும். மூலம் மாறாதவரை மீண்டும் தொகுக்க வேண்டியதில்லை. ஓரெழுத்து மாறினும் தொகுத்தல் புதிதாக நிகழும்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. பேர்ளில் ஒரு கூறை வேண்டும் கூற்று, கோப்பின் எஞ்சிய பகுதி வாசிக்கப்படுமுன்னரே செயற்படும். சி நிரலோ பெரும்பாலும் கோப்பின் இறுதியில், முடிவுக் குறிக்குப் பின்னர் வைக்கப்படும். இன்னும் வாசிக்கப்படாததைத் தொகுத்தல் இயலாது. எனவே கோப்பு முழுவதும் வாசிக்கப்பட்டபின், இயக்கம் தொடங்குமுன் உள்ள கட்டத்துக்குத் தொகுத்தல் ஒத்திவைக்கப்பட்டது. இயக்கத்தின் நடுவே உருவாகும் நிரலுக்காக, அவ்வேளையிலேயே தொகுத்துப் பிணைக்கும் வழியும் அமைக்கப்பட்டது.

இவ்வொத்திவைப்பு இலவசமானதன்று. முன்னரே தொகுத்தால் நிரலாசிரியரின் மேசையிலேயே வெளிப்படும் பிழை, பயனாளரின் கணனியில் வெளிப்படலாம். அங்கே சி தொகுப்பி இல்லாவிடின், அல்லது சேமிக்கும் இடத்தில் எழுதும் உரிமை இல்லாவிடின், செய்நிரல் முதலடியிலேயே நின்றுவிடும். ஆசிரியரின் தோளிலிருந்து இறங்கிய சுமை பயனாளரின் தோளில் ஏறுகின்றது.

ஆகவே ஒத்திவைத்தலைச் சோம்பலென்று இகழ்வதும் பொருந்தாது. வெறும் இலாபமென்று புகழ்வதும் பொருந்தாது. 1984 இன் ஸ்மோல்ரோக்கும் 2000 இன் இன்லைனும் காட்டும் உண்மை ஒன்றே: ஒருமுறை செய்த வேலையைச் சேமித்து வைக்கும் ஏற்பாடு உடனிருந்தாலன்றித் தாமதம் ஆதாயமாவதில்லை. அவ்வேற்பாடு இல்லாத தாமதம், ஒரே கடனை ஒவ்வொரு நாளும் புதிதாகச் செலுத்துவதற்கு ஒப்பானது.