அரசுப் பொறியாளர் உரிம விலக்கு (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவில் பொறியாளர், கட்டிடக்கலைஞர், நில அளவையாளர் ஆகியோருக்கு மாநில அரசுகளே தொழில் உரிமம் வழங்குகின்றன. அரசுப் பணியில் உள்ளோருக்கு இவ்வுரிமம் தேவையில்லை எனப் பல மாநிலச் சட்டங்கள் கூறுவதே அரசுப் பொறியாளர் உரிம விலக்கு ஆகும். இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

வரலாறு

கட்டிடக்கலைஞருக்கான முதல் உரிமச் சட்டம் 1897 இல் இலினொய் மாநிலத்தில் இயற்றப்பட்டது. பொறியாளர்களுக்கு 1907 இல் வயோமிங் வழிகாட்டியது. அங்கு பாசன நீருரிமை கோரும் வரைபடங்களை வழக்கறிஞர்கள் போன்ற பயிற்சியற்றோரும் வரைந்து அளித்து வந்தனர். டெக்சாசில் 1937 மார்ச் 18 அன்று நியூ லண்டன் பள்ளியில் எரிவளி கசிந்து வெடித்ததில் ஏறத்தாழ 300 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மாணவர். அவ்வாண்டே அம்மாநிலமும் உரிமச் சட்டம் இயற்றியது.

விலக்கின் அடிப்படை

நடுவண் அரசின் பணியை மாநிலச் சட்டம் தடுக்கலாகாது என்பது அரசியலமைப்புக் கொள்கை. அஞ்சல் வண்டி ஓட்டிய நடுவண் அரசு ஊழியரிடம் மாநில ஓட்டுநர் உரிமம் கோர இயலாது என 1920 இல் ஜான்சன் எதிர் மேரிலாந்து வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொறியாளருக்கும் இதே தர்க்கம் பொருந்தும். கலிபோர்னியச் சட்டத்தின் 6739 ஆம் பிரிவு நடுவண் ஊழியரை விலக்குகிறது. ஆனால் அப்பணியை மட்டும் செய்யும்வரைதான். அவரே விடுமுறை நாளில் தனியாருக்குப் பாலம் வடிவமைத்தால் விலக்கு செல்லாது. மாநில, நகராட்சித் துறைகளில் குடிசார், மின், இயந்திரப் பொறியியல் பணிக்கு உரிமம் பெற்ற ஒருவரேனும் பொறுப்பாளராக இருத்தல் வேண்டும்; ஏனையோர் அவருக்குக் கீழ் பணிபுரியலாம்.

விமர்சனம்

அரசே பொறுப்பேற்பதால் தனி உரிமம் வீண் என்பது ஆதரவாளர் வாதம். ஆயினும் உரிமம் பெற்றவர் பிழையான வரைபடத்தில் முத்திரையிட மறுக்கலாம். ஏனெனில் இழப்பது தன் உரிமம். உரிமம் அற்றவருக்கு மேலதிகாரியை மறுக்க அத்தகைய பிடிமானம் இல்லை.

தனியார் நிறுவனங்களுக்கான இணையான விலக்கு 2018 செப்டம்பர் 13 அன்று கேள்விக்குள்ளானது. மாசசூசெட்சின் மெரிமாக் பள்ளத்தாக்கில் பழைய வார்ப்பிரும்புக் குழாய் நீக்கப்பட்டபோது, அழுத்தத்தை உணரும் இணைப்புகள் அதிலேயே விடப்பட்டன. அழுத்தம் குறைந்ததாகக் கருதிய சீராக்கிகள் முழுதும் திறந்துகொள்ள, வீடுகள் வெடித்தன, ஒருவர் இறந்தார். அப்பணித் திட்டத்தை உரிமம் பெற்ற பொறியாளர் எவரும் சரிபார்க்கவில்லை. அவ்வாண்டு இறுதியிலேயே அம்மாநிலம் எரிவளிப் பணிகளுக்குப் பொறியாளர் முத்திரையைக் கட்டாயமாக்கியது.