சலவை யந்திரத்தின் சூத்திரதாரி

1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொணர்ந்த தானியங்கிச் சலவை யந்திரம், சுழலும் வேகத்தில் இடம்பெயர்ந்துவிடாதபடி தரையோடு முடுக்கப்பட வேண்டியிருந்ததாயினும், நீர் நிரப்பித் துவைத்து அலசிப் பிழியும் காரியங்களனைத்தையும் மனிதக் கை படாமலே வரிசையாக நிகழ்த்திக் காட்டிற்று. இவ்வகை யந்திரங்களில் நெடுங்காலம் சூத்திரதாரியாக விளங்கியது 'டைமர்'. சிறு மோட்டாரொன்று மெல்லச் சுழற்றும் மேடுபள்ளமான வட்டுகள், உரிய தருணங்களில் உலோகத் தொடுமுனைகளைச் சேர்த்தும் பிரித்தும், வால்வுக்கும் பெரிய மோட்டாருக்கும் மின்சாரத்தைப் பங்கிடும். பழுதுற்றால், கரிந்த முனையைக் கண்ணாலேயே கண்டு தேய்த்துச் சீராக்கலாம். இத்தகைய வெளிப்படையான யந்திரம் பின்னர் வரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

1971-இல் நுண்செயலி சந்தைக்கு வந்தபின், டைமரின் ஸ்தானத்தைப் படிப்படியாக, அதைத் தாங்கிய மின்னணு அட்டை கைப்பற்றியது. வீட்டிலேயே அவ்வட்டையைச் சோதிக்க முற்படுவோர், மின் இணைப்பைத் துண்டித்து, மின்தேக்கிகள் வடியும்வரை பொறுத்து, முதலில் கதவுப் பூட்டையும் வால்வுகளையும் மீட்டரால் அளந்து, அவை நிரபராதிகள் என்று கண்ட பிறகே அட்டையைச் சந்தேகித்தல் நியாயம். உப்பிய மின்தேக்கி, ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்சின் காலடியில் விரிசலுற்ற ஈயப்பற்று, கருகிய டிரையாக் என்னும் மின்னணுச் சுவிட்சு ஆகியவையே சாதாரணமாக அகப்படும் குற்றவாளிகள். ஆனால் ஈரத்தைத் தடுக்கும் பொருட்டு அட்டை முழுவதையும் பிசினில் ஆழ்த்தும் வழக்கம் பரவியதனால், மீட்டரின் முனையும் ஈயம் பற்றவைக்கும் கோலும் நுழைய இடமின்றி, பழுதுபார்ப்போர் முழு அட்டையையே மாற்றிவிடுகின்றனர்.