துபாயில் ஓட்டிய காரை ஊருக்குக் கொண்டு வரலாமா? கப்பலில் ஏற்றும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

பல வருஷம் வளைகுடாவில் வேலை. அங்கே ஆசையாக வாங்கிய கார். வேலையை முடித்து ஊர் திரும்பும்போது, ‘விற்றால் பாதி விலைகூட வராது, பேசாம கப்பல்ல போட்டு கொண்டு போயிடலாமா?’ என்று பலருக்கும் தோன்றும். ஆனால் டிவி, ஃபிரிட்ஜ் மாதிரி காரை அவ்வளவு சுலபமாகக் கொண்டு வர முடியாது.

வீட்டுச் சாமான்களோடு சேர்த்து கொண்டு வர முடியாதா?

முடியாது. குடிபெயர்ந்து வருபவர்களின் வீட்டுப் பொருட்களுக்கு சுங்க வரியில் சலுகை உண்டு. ஆனால், 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டத்தின்படி ‘பயணிகளின் உடைமை’ என்பதில் மோட்டார் வாகனங்கள் சேராது. அதனால் காருக்கு அந்தச் சலுகை கிடையாது. முழு வரி கட்டி இறக்குமதிதான் செய்ய வேண்டும்.

வளைகுடா கார்களுக்கு என்ன சிக்கல்?

ஸ்டீயரிங்! அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் எல்லாவற்றிலும் கார் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். இந்தியாவில் நிரந்தரமாக இறக்குமதி செய்யும் காருக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம் இருப்பது கட்டாயம். ‘அங்கேயே மாத்திடலாமே’ என்றால், தயாரித்தபோது பெற்ற தரச்சான்றுக்கு ஏற்ப வண்டி இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான் கார்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

வேறு என்ன நிபந்தனைகள்?

வெளிநாட்டில் ஒருமுறை பதிவாகிவிட்டால், ஆறு மாதமே ஓடியிருந்தாலும் அது ‘பழைய வாகனம்’தான். அதற்கான விதிகள்:

• தயாரித்து 3 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.
• ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும். ஹெட்லைட் இடப்பக்கம் செல்லும் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.
• இறக்குமதி நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டுகள் சாலையில் ஓடத் தகுதி இருக்க வேண்டும். கப்பலில் ஏற்றும் முன்பே அதற்குப் பரிசோதனைச் சான்று வாங்க வேண்டும்.
• மும்பை துறைமுகம் வழியாக மட்டுமே கொண்டு வர முடியும். புதிய காரை சென்னையில் இறக்கலாம், பழைய காரை இறக்க முடியாது.
• வந்து சேர்ந்த பிறகும், புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தின் சோதனையில் தேற வேண்டும்.

வரி எவ்வளவு வரும்?

2025 பட்ஜெட் மாற்றத்தின்படி, பழைய கார்களுக்கு அடிப்படை சுங்க வரி 70%, வேளாண் உள்கட்டமைப்பு வரி 67.5%. மொத்தம் 137.5%. காரின் விலையோடு கப்பல் கட்டணம், காப்பீடு ஆகியவற்றையும் சேர்த்துத்தான் மதிப்பு போடுவார்கள்.

உதாரணமாக, மதிப்பு 10 லட்சம் ரூபாய் என்றால் வரி 13.75 லட்சம். துறைமுகத்தைத் தாண்டும் முன்பே கார் 23.75 லட்சம் ஆகிவிடும். இதற்கு மேல் ஜிஎஸ்டி தனி. பிறகு மாநில அரசின் ஆயுட்கால வரி. தமிழ்நாட்டில் 20 லட்சத்தைத் தாண்டும் புதிய காருக்கு அது மட்டுமே 20%. வரி விகிதம் மாறக்கூடியது என்பதால், அனுப்பும் முன் சுங்க முகவரிடம் அன்றைய கணக்கைக் கேட்டுவிடுங்கள்.

பதிவு செய்வது எப்படி?

முகவரிக்கு உட்பட்ட ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 20-ல் விண்ணப்பிக்க வேண்டும். அதோடு சுங்க அனுமதிச் சான்று, சோதனை மையத்தின் சான்று, இந்தியாவில் எடுத்த காப்பீடு, முகவரிச் சான்று தேவை. வண்டியையும் ஆய்வுக்குக் கொண்டு போக வேண்டும்.

கொஞ்ச நாளுக்கு மட்டும் கொண்டு வந்தால்?

அதற்கு வழி இருக்கிறது. வெளிநாட்டில் வசிப்பவர்கள் ‘கார்னெட்’ என்ற ஆவணத்துடன், வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டு வரலாம். இடப்பக்க ஸ்டீயரிங் கார்களும் இப்படி வருகின்றன. பொதுவாக 6 மாதத்துக்குள் திருப்பிக் கொண்டு போய்விட வேண்டும். இங்கே விற்கக் கூடாது, வாடகைக்கு ஆள் ஏற்றக் கூடாது. ஆங்கிலம் அல்லாத ஆவணங்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் வண்டியில் இருக்க வேண்டும்.

‘ஃபாரின் கார், கம்மி விலை’ - உஷார்!

2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத் துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ என்ற பெயரில் சோதனை நடத்தி, 30-க்கும் மேற்பட்ட சொகுசு வாகனங்களைக் கைப்பற்றியது. பூடான் வழியாகக் கடத்தி வந்து, போலி ஆவணங்கள் மூலம் இந்தியாவில் பதிவு செய்யப்பட்டவை என்பது சுங்கத் துறையின் குற்றச்சாட்டு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, ஆர்.சி. புத்தகம் கையில் இருந்தால் மட்டும் போதாது என்பதுதான். இறக்குமதியே தவறாக நடந்திருந்தால், காசு கொடுத்து வாங்கியவரிடமிருந்தும் வண்டி பறிமுதலாகலாம். எனவே வெளிநாட்டுக் காரை இங்கே செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள், சுங்கத் துறையின் ‘பில் ஆஃப் என்ட்ரி’யைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் இருப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

ஊர் திரும்புபவர்கள் முதலில் மூன்றைப் பாருங்கள்: ஸ்டீயரிங் எந்தப் பக்கம், தயாரித்து எத்தனை வருஷம், வரியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு. முதல் இரண்டில் ஒன்று இடித்தாலும் காரை அங்கேயே விற்றுவிடுவதுதான் வழி. மூன்றாவது இடித்தால், அந்தப் பணத்தில் இங்கே புது காரே வாங்கிவிடலாம்.